மாப்பிள்ளையோடு வந்த மயிலை

எங்கள் குடும்பத்தில் முறையாகக் குதிரையேற்றம் பயின்ற ஒரே ஆள் நான்தான். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் என் வயிற்றைப் பார்க்கிறார்கள். அடுத்ததாக, எப்போதோ செத்துப்போன அந்தக் குதிரைக்காக இரக்கப்படுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். அப்போது எனக்கு ஒன்பது வயது. என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு வீரம் காரணமல்ல. முதலில் அரை மூட்டைக் கடலைக்காயைத்தான் குதிரைமேல் ஏற்றிப் பார்த்தார்கள். மூட்டை சரிந்து விழுந்தது. ஏறக்குறைய அதே எடையில், விழாமல் பிடித்துக்கொள்ளக்கூடியதாக வீட்டில் இருந்த பொருள் நான்.

எழுபதுகளின் நடுவில் நடந்த கதை. வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். சித்தப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீடு கிழக்கே, நடந்தே போய்விடக்கூடிய தூரம். நடுவில் ஒரு செக்போஸ்ட் இருந்ததால் அவர்கள் தமிழ்நாடு, நாங்கள் கேரளம். மாப்பிள்ளை குதிரையேறி வருவது எங்கள் ஜனங்களின் பழைய வழக்கம். அந்தக் காலத்திலேயே பலர் குதிரையை விட்டு அம்பாசடர் காருக்கு மாறியிருந்தார்கள். பெண்ணின் அப்பா மாறவில்லை. கார் எல்லாருக்கும்தான் வருகிறது, என் பெண்ணுக்குக் குதிரை வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

வாடகைக் குதிரை பேசலாம்தான். ஆனால் எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை எடுக்க முடியாது. என் அப்பாவின் கல்யாணத்துக்குப் பொள்ளாச்சியிலிருந்து ஒரு ஜட்கா வண்டிக் குதிரையைக் கொண்டுவந்திருந்தார்களாம். பாதி வழியில் அதற்கு ரயில் வரும் நேரம் நினைவுக்கு வந்துவிட்டது. சவாரி பிடிக்க வேண்டும் என்ற கடமையுணர்வோடு அது அப்பாவையும் சுமந்துகொண்டு ரயிலடியைப் பார்த்துத் திரும்பிவிட்டது. மேளக்காரர்கள் துரத்திப் பிடித்தார்கள். அம்மா, அப்பாவோடு சண்டை வரும்போதெல்லாம் அந்தக் குதிரையின் தீர்க்கதரிசனத்தைப் பாராட்டுவார்.

ஆகவே அப்பாரு, அதாவது என் அப்பாவின் அப்பா, சொந்தமாகவே ஒரு குதிரை வாங்குவது என்று தீர்மானித்தார். அதே மூச்சில் இன்னொன்றையும் தீர்மானித்தார். மயிலையை விற்றுவிடுவது.

மயிலை எங்கள் வீட்டுக் கிழட்டுக் காளை. சாம்பல் பூத்த வெள்ளை நிறம், உயர்ந்த திமில். கிணற்றில் கவலை கட்டி, தோல்பறியால் தண்ணீர் இறைத்த காலத்தில் அதற்கு ஓய்வே கிடையாது. சரிவில் முன்னால் போனால் தோல்பறி தண்ணீரோடு மேலே வரும். ஓட்டுகிறவர் பாடிக்கொண்டே போவார். தண்ணீர் வாய்க்காலில் கொட்டியதும் பாட்டை நிறுத்துவார். பாட்டு நின்றால் மயிலை பின்னாலேயே நடந்து கிணற்றடிக்குத் திரும்பும். இப்படி முன்னும் பின்னுமாக அதன் ஆயுள் போனது. பிறகு கரண்டு வந்தது, மோட்டார் வந்தது. மயிலையின் ஜோடிக் காளையும் செத்துப்போனது. வேலையில்லாமல் நிற்கிற மாட்டுக்கு எதற்குத் தீவனம், குதிரைக்கும் கட்டுத்தறியில் இடம் வேண்டுமே என்றார் அப்பாரு. அப்பாவும் தலையாட்டினார்.

வேலந்தாவளம் சந்தையில் கிழட்டு மாட்டை வாங்குகிறவர்கள் ஏர் பூட்டுவதற்காக வாங்குவதில்லை. இது ஊரில் எல்லாருக்கும் தெரியும், என்னைத் தவிர. சந்தையிலிருந்து மேற்கே கூட்டம் கூட்டமாக நடத்திப் போகிற மாடுகளைக் கடல் பார்க்கக் கூட்டிப்போகிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். மேற்கே கடல் இருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். மயிலைக்குக் கிடைக்கப்போகும் வாய்ப்பு எனக்கு இல்லையே என்று கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

மயிலையைக் கன்றிலிருந்து பழக்கியவர் பெரியப்பா. மாட்டு விஷயத்தில் சுற்றுவட்டாரத்தில் அவர் சொன்னால் மறுபேச்சில்லை. வீட்டில் அப்படியில்லை. நாற்பது வயதைத் தாண்டியும் அப்பாருவுக்கு முன்னால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் நிற்பார். அப்பாரு எது சொன்னாலும் "சரிங்க" என்பார். தகப்பனும் மகனும் பேசிக்கொண்டது மொத்தமும் அந்த ஒரு வார்த்தைதான் என்று நினைக்கிறேன். மயிலையை விற்பது என்றபோதும் "சரிங்க" என்றார்.

குதிரை வாங்கச் சந்தைக்குப் போன நாளில் பெரியப்பா எங்கள் குடும்பத்துக்கு நீண்டகாலம் நிலைத்த ஒரு புகழைத் தேடித்தந்தார். மாடுகளுக்கு நடுவே வழிதவறி வந்ததுபோலச் செம்பழுப்பு நிறத்தில் ஒரு குதிரை நின்றது. பெரியப்பா மாட்டைப் பார்ப்பதுபோலவே அதன் சுழி பார்த்தார், குளம்பு பார்த்தார், வயது பார்க்க வாயைப் பிளந்தார். பிளந்தவர் அப்படியே நின்றார். மாட்டுக்கு முன்வரிசையில் கீழ்ப்பல் மட்டும்தான் உண்டு.

"என்றா இது, மேலயும் பல்லு இருக்குது?"

"குதிரைக்கு அப்படித்தானுங்க" என்றான் வியாபாரி, பணிவாக.

"எச்சாப் பல்லுக்கு எச்சா வெலை சொல்லுவியாட்ட இருக்குது!"

சந்தையே சிரித்தது. நாங்கள் குதிரையோடு வீடு வந்து சேர்வதற்குள் அந்தச் சிரிப்பு எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. குதிரைக்கு மாட்டின் நிறக்கணக்கிலேயே செவலை என்று பெயர் வைத்தார் பெரியப்பா.

அன்று சாயங்காலம் அவர் அப்பாரு முன்னால் துண்டை இடுக்கிக்கொண்டு நின்று, வழக்கத்துக்கு மாறாக இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசினார்.

"புதுசாப் பழக்கறதுன்னா ஜோடிக்குப் பழகுன மாடு ஒண்ணு வேணுமுங்க. மயிலை கண்ணாலம் வரைக்கும் இருக்கட்டுங்க."

எங்கள் பக்கம் எந்தக் கன்றையும் அப்படித்தான் பழக்குவார்கள். அனுபவப்பட்ட மாட்டோடு சேர்த்துக் கட்டி நடத்தினால் கன்று அதைப் பார்த்து நடை கற்றுக்கொள்ளும். குதிரைக்கும் அது பொருந்துமா என்று யாரும் கேட்கவில்லை. குதிரையைப் பற்றி வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. மாட்டைப் பற்றி எல்லாருக்கும் எல்லாமும் தெரியும்.

அப்பாரு யோசித்தார். "செரி. கண்ணாலம் முடிஞ்ச அடுத்த சந்தைக்கு ஓட்டிக்கிட்டுப் போயி வித்துப்போடோணும்."

"சரிங்க."

இதற்கிடையில் உடும்பஞ்சோலையில் ஏலக்காய் வியாபாரம் செய்துகொண்டிருந்த என் தாய்மாமன், குதிரை பழக்கத் தெரிந்த ஆள் என்று ஒருவரை அனுப்பிவைத்தார். சின்னக்கானல் எஸ்டேட்டில் வெள்ளைக்காரத் துரையின் குதிரையைப் பார்த்துக்கொண்டவர். அவருடைய முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தேயிலை பறிக்க மலையேறியவர்கள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே துரையின் பழைய காக்கிக் கால்சட்டையும், முழங்கால் வரை வரும் பூட்ஸும், தொப்பியுமாக இறங்கினார். பூட்ஸ் துரையின் அளவு என்பதால் உள்ளே சாக்குத் துணி அடைத்திருந்தார். பாலக்காட்டு வெயிலில் அந்தச் சாக்குத் துணி என்ன பாடுபட்டதோ! தன்னை மாஸ்டர் என்று கூப்பிட வேண்டும் என்றார். அப்பாரு உட்பட எல்லோரும் கூப்பிட்டோம்.

வந்ததும் வராததுமாகக் குதிரையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுச் சொன்னார்:

"மொதலாளி, குதிரைக்குப் பழக்க ஒண்ணுமில்ல. அது பொறக்கும்போதே குதிரை. பாடம் எல்லாம் வச்சிருக்கவருக்கும் ஏறுறவருக்குந்தான். அத நான் பாத்துக்கிடுதேன்."

வைத்திருப்பவரான பெரியப்பா தன் முதல் சந்தேகத்தைக் கேட்டார். "மூக்கு எப்பங்க குத்தறது?"

"எந்த மூக்கு?"

"குதிரை மூக்குங்க. கவுறு கோக்கோணுமல்லோ."

மாஸ்டர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். "ஏசப்பா! இந்த வீட்ல இன்னும் யாருக்காவது மூக்கு குத்தாம இருந்தா அவங்களுக்குக் குத்துங்க. இத விட்டுருங்க."

ஏறுகிறவரான சித்தப்பாவின் நிலை இன்னும் மோசம். பாலக்காட்டுச் சித்தூர் காலேஜில் படித்தவர், சைக்கிளில் கையை விட்டு ஓட்டுவார், சினிமாக் கதாநாயகன்போலக் கிருதா வைத்திருந்தார். குதிரையைக் கண்டால் மட்டும் அந்தக் கிருதா வியர்த்தது. முதல் நாள் ஏறிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக உடனே இறங்கிவிட்டார். அதை இறங்குதல் என்று சொல்வது அவர் மேலிருக்கும் மரியாதையினால். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை கைகாலை முறித்துக்கொண்டால் என்ன செய்வது என்று பெண்கள் கூச்சலிட, மாஸ்டர் ஒரு ஏற்பாடு செய்தார். வண்டி நுகத்தடியின் மேல் கடலைக்காய் மூட்டையைக் கட்டி, சித்தப்பாவை அதன்மேல் உட்காரவைத்தார். எனவே கல்யாணம் வரை குதிரைமேல் நான், மூட்டைமேல் மாப்பிள்ளை.

"முதுகு நிமிரட்டும்! மோவாய் மேல! கண்ணு ரோட்டப் பாக்கட்டும்!" என்று மூட்டையைச் சுற்றிவந்து பாடம் நடத்துவார் மாஸ்டர்.

"குதிரை திரும்பி என்னையப் பாத்துச்சுன்னா என்ன மாஸ்டர் பண்றது?"

"நீரும் பாரும். கல்யாணத்துக்குப் போறவரு நீரு. அது வேடிக்கை பாக்க வந்தது."

எனக்கு இரட்டைப் பயிற்சி. செவலைக்கு இடப்பக்கம் மாஸ்டர் நடப்பார். வலப்பக்கம் மயிலை, அதன் கயிற்றைப் பிடித்தபடி பெரியப்பா. குதிரைக்கு இங்கிலீஷ்தான் புரியும் என்பது மாஸ்டரின் கட்சி. "வாக்!" "ஹால்ட்!" என்று மலை எதிரொலிக்கும்படி கத்துவார், எங்கள் ஊரில் மலை இல்லாவிட்டாலும். பெரியப்பா "ஹை… ஹை…" என்று நாக்கைச் சுழற்றுவார். செவலை இரண்டு பேரையும் மதித்ததாகத் தெரியவில்லை. அது மயிலையின் முகத்தைப் பார்க்கும். மயிலை நடந்தால் நடக்கும், நின்றால் நிற்கும். தங்கள் முறைக்கே வெற்றி என்று இரண்டு ஆசிரியர்களும் சாயங்காலம் காப்பி குடிக்கும்போது தனித்தனியாக அறிவித்துக்கொள்வார்கள்.

மாஸ்டருக்கு நடக்கும்போது சர்ச்சில் பாடுகிற பாட்டுகளை விசிலடிக்கும் பழக்கம் உண்டு. விசில் நின்றால், தோல்பறி காலியாகிவிட்டது என்று மயிலை பின்னால் நடக்கும். அதைப் பார்த்துச் செவலையும் பின்னால் நடக்கும். மேலே நானும். முதல் தடவை அதைப் பார்த்தபோது மாஸ்டருக்கு மேனி சிலிர்த்துவிட்டது.

"ரிவர்ஸு! தொரை குதிரைக்கே இது வராது மொதலாளி!"

மாஸ்டருக்கு ஒரு பெரிய ஆசை இருந்தது. இந்தக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தால், எல்லையின் இரண்டு பக்கமும் உள்ள பெரிய தோட்டக்காரர்கள் அவரைக் கூப்பிடுவார்கள். கல்யாணக் குதிரைகளையும் மாப்பிள்ளைகளையும் பழக்கிக்கொண்டு, மலைக்குளிருக்குத் திரும்பாமல் இங்கேயே இருந்துவிடலாம். "ஊரு முழுக்க சொந்தக்காரங்க வருவாங்கல்லா? அன்னைக்கு நம்ம செவலை நடக்குத நடையப் பாத்துட்டுச் சொல்லட்டும்" என்பார். மலையில் அவருக்குக் குதிரை மிச்சமில்லை.

ஏன் மிச்சமில்லை என்பதையும் ஒருநாள் சாயங்காலம் சொன்னார். செவலைக்குக் கொள்ளு வைத்துவிட்டு, கட்டுத்தறிக் கல்லில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரியப்பா.

"தொரை ஊருக்குப் போகும்போது குதிரைய வித்துருங்க, நான் பாத்துக்கிடுதேன்னு கெஞ்சினேன். வித்தா எவனாவது வண்டியில பூட்டி அடிப்பான்னாரு. கடைசி நாளு நல்லாத் தேய்ச்சுக் குளிப்பாட்டச் சொன்னாரு. குளிப்பாட்டி, நான்தான் கூட்டிட்டுப் போய் நிறுத்தினேன். துப்பாக்கியால சுட்டுட்டு ஜீப்புல ஏறிட்டாரு. என்னைய நம்பி நின்னுச்சு மொதலாளி."

துப்பாக்கி என்ற வார்த்தை வந்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஒத்தக் கொழலா, ரெட்டக் கொழலா மாஸ்டர்?" என்று கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றித் தூசு தட்டினார். பெரியப்பா எழுந்துபோய், ஏற்கெனவே வைக்கோல் கிடந்த மயிலையின் முன்னால் இன்னும் ஒரு கட்டு வைக்கோலைப் போட்டார். பெரியவர்களுக்குக் கதை சொல்லத் தெரியவில்லை, முக்கியமானதை விட்டுவிடுகிறார்கள் என்று முடிவு செய்தேன்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு, வீடே உண்ட மயக்கத்தில் கிடந்த ஒரு மதியம், எனக்கு வேண்டாத ஒரு துணிச்சல் வந்தது. மாஸ்டரும் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். செவலையை அவிழ்த்துக் கல்லின்மேல் நின்று ஏறி, வாய்க்கால் வரைக்கும் போனேன். மயிலை இல்லை, மாஸ்டர் இல்லை, இங்கிலீஷ் இல்லை. செவலை என்னவோ பிறந்ததிலிருந்து தனியாகவே நடந்ததுபோல நடந்தது. வலப்பக்கம் இழுத்தால் வலப்பக்கம், இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம். வாய்க்காலில் தண்ணீர் குடித்துவிட்டு, சொன்ன பேச்சுக் கேட்டுத் திரும்பி வந்தது.

கட்டுத்தறியில் பெரியப்பா மட்டும் விழித்திருந்தார். மயிலையின் காதை மடக்கி உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தார். பெரிய கண்டுபிடிப்பைச் சொல்கிற பரபரப்போடு கத்தினேன்.

"பெரியப்பா! மயிலை இல்லாமயே போகுதுங்க! நேராப் போகுது, திரும்பச் சொன்னாத் திரும்புது!"

அவர் உண்ணியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "வேற யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்லீங்க."

"ஊட்டுல சொன்னீன்னா, தனியாப் போனதுக்கு உங்கப்பன் தோலை உரிச்சுப்போடுவான். நானும் சொல்லல, நீயும் சொல்லாத. என்ன கண்ணு?"

மடியிலிருந்து கருப்பட்டித் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அடி வாங்குவதிலிருந்து என்னைக் காப்பாற்றிய அந்தப் பெருந்தன்மையை நினைத்து எனக்குத் தொண்டை அடைத்தது. கருப்பட்டியும் கொஞ்சம் காரணமாக இருக்கலாம்.

கல்யாண நாள் காலை. வாசல் நிறைய உறவுக்காரர்கள். முகூர்த்தம் பெண் வீட்டில். மாப்பிள்ளை ஊர்வலத்தில் கிழட்டு மாடு வேண்டாம் என்று அப்பாரு முந்தின நாளே சொல்லியிருந்ததால் மயிலை பின்பக்கம் கட்டுத்தறியிலேயே நின்றது. மறுநாள் சந்தை. வியாபாரிக்கும் சொல்லியனுப்பியாகிவிட்டது. பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாகச் சித்தப்பாவை நாலு பேர் தூக்கிச் செவலைமேல் வைத்தார்கள். மூட்டைமேல் கற்றதை அவர் மறக்கவில்லை. முதுகு நிமிர்ந்திருந்தது, மோவாய் மேலே, கண் ரோட்டில். உயிர் எங்கே இருந்தது என்றுதான் தெரியவில்லை.

மேளம் முழங்கியது. மாஸ்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "வாக்!" என்றார்.

செவலை கழுத்தை அசைத்தது. நகரவில்லை.

மாஸ்டர் மறுபடி கத்தினார். கூட்டத்தில் யாரோ, "மாஸ்டரே, தொரை ஊருக்குப் போயிட்டாருன்னு குதிரைக்குத் தெரிஞ்சு போச்சாட்ட இருக்குது!" என்றார்கள். இன்னொருவர், "மேல்பல்லு தடுக்குதுங்க" என்றார். சிரிப்பு அலையாகப் பரவியது. பெண்கள் முகூர்த்தம் தவறிவிடும் என்று பதறினார்கள். அம்மா, அப்பாவைப் பார்த்துக்கொண்டே, "ஓடாம நிக்குதே, அதுவே புண்ணியம்" என்றார்.

நான் பெரியப்பாவின் இடுப்பு உயரத்தில் நின்றிருந்ததால், மற்றவர்கள் பார்க்காத ஒன்று என் கண்ணில் பட்டது. செவலையின் முகக்கயிற்றை அவர்தான் பிடித்திருந்தார். கயிற்றின் நுனி தரையில் புரண்டு, அவருடைய வலது காலின் புதுச் செருப்புக்கு அடியில் போயிருந்தது. குதிரை தலையை முன்னால் நீட்டும்போதெல்லாம் கயிறு விறைத்து நிறுத்தியது.

"பெரியப்பா, கவுத்தெ…" என்று ஆரம்பித்தேன்.

அவர் என்னைக் குனிந்து பார்த்தார். பெரியவர்கள் செய்கிற தப்பை நாலு பேர் முன்னால் சொல்லக் கூடாது என்று அம்மா சொன்னது சரியான சமயத்தில் நினைவுக்கு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். என் நாகரிகத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்பாரு கைத்தடியோடு வந்தார். "ஏண்டா நிக்குது?"

"மயிலை இல்லாம நவுராதுங்க."

"கிறுக்குத்தனமாப் பேசாத. ஏனுங்க மாஸ்டர், குதிரைக்கு மாடு வேணுமா? நீங்க சொல்லுங்க."

வாசல் முழுக்க மாஸ்டரைப் பார்த்தது. அவர் முகம் சிவந்து, கோபத்தோடு எங்களை நோக்கி வந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்போது அவர் கண் கீழே போனது. செருப்பைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், பிறகு பெரியப்பாவைப் பார்த்தார். மேளம்கூட நின்றிருந்தது. வாயை மூடிக்கொண்டு தொப்பியைக் கழற்றினார்.

"ஆமா பெரிய மொதலாளி. நான் பழக்குன பழக்கம் அப்படி. மாடு வந்தாத்தான் நகரும்."

அன்றைக்கு விழுந்த சிரிப்பு எல்லை தாண்டிக் கேட்டிருக்கும். குதிரை பழக்க மலையிலிருந்து வந்தவர், மாட்டைப் பிடித்துக்கொண்டு நடக்கிற குதிரையைப் பழக்கிக் கொடுத்திருக்கிறார்! இனி அவரை யார் கூப்பிடுவார்கள்? அப்பாரு கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், "ஓட்டிட்டு வந்து தொலைங்கடா" என்றார்.

மயிலை வந்தது. யாரோ அத்தை ஒருத்தி ஓடிவந்து அதன் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். பெண்ணை அழைத்துவரும் காருக்கென்று வாங்கிய மாலை அதன் கழுத்துக்குப் போனது. பெரியப்பா வலது காலைத் தூக்கி ஓர் அடி முன்னால் வைத்தார். செவலை நடந்தது.

வழியில் வேறு சங்கடம் காத்திருந்தது. மேளம் தொடர்ந்து முழங்கும்வரை ஒன்றுமில்லை. செக்போஸ்டைத் தாண்டும்போது தவில்காரர் மூச்சுவாங்க ஒரு கணம் நிறுத்தினார். பாட்டு நின்றது, பறி காலியாகிவிட்டது என்று மயிலை பின்னால் நடந்தது. செவலையும் நடந்தது. தமிழ்நாட்டுக்குள் காலெடுத்து வைத்த மாப்பிள்ளை அப்படியே கேரளத்துக்குத் திரும்பினார். நாதஸ்வரக்காரர் கையிலிருந்த குழலோடு வேலியில் விழுந்தார். மறுபடி அடித்தார்கள், முன்னால் போனது. நிறுத்தினார்கள், பின்னால் வந்தது. செக்போஸ்ட்காரர் வெளியே வந்து, "காளைக்குப் பாஸ் உண்டோ?" என்று மலையாளத்தில் அதட்டினார்.

"அது மாப்பிள்ளைக் கூட்டமுங்க சார்" என்றார் பெரியப்பா.

மயிலையின் கழுத்து மாலையையும் நெற்றிக் குங்குமத்தையும் பார்த்துவிட்டு அவர் கட்டையைத் தூக்கிவிட்டார். அங்கிருந்து பெண் வீடு வரைக்கும் தவில்காரருக்கு ஓய்வில்லை. அந்த மனிதர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் வரச் சம்மதிக்கவில்லை.

பெண் வீட்டு வாசலில் கொழுந்தியாக்கள் கூட்டம் தயாராக இருந்தது. "ஏனுங்க, இதுல மாப்பிள்ளை எதுங்க? மாலை ரெண்டு கழுத்துல இருக்குதே!" என்று ஒருத்தி கேட்டாள். கதவுக்குப் பின்னால் கல்யாணப் பெண் சிரித்த சிரிப்பு வெளியே கேட்டது. குதிரைமேல் விறைத்திருந்த சித்தப்பா அப்போதுதான் முதல்முறையாக மோவாயைக் கீழே இறக்கி அந்தப் பக்கம் பார்த்தார். பெண்ணின் அப்பா குதிரையைக் கண்டுகொள்ளவே இல்லை. நேராக மயிலையிடம் வந்து திமிலைத் தடவினார். "இந்தக் காளை வர்ற ஊட்டுக்குப் பொண்ணு குடுக்கலாம்" என்றார். மறுவீட்டுக்கு வரும்போதும் இரண்டும் சேர்ந்துதான் வர வேண்டும் என்று எல்லார் முன்னாலும் அப்பாருவிடம் கேட்டுக்கொண்டார். சம்பந்தி கேட்டுவிட்டார். மறுநாள் சந்தைக்கு மாடு போகவில்லை. அடுத்த சந்தைக்கும் போகவில்லை. அப்பாரு அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம், அதில்லாமல் குதிரை நகராதே என்றார் பெரியப்பா. குதிரைக்கு மாடு ஜோடி பூட்டியவர் என்று அவரை எல்லையின் இரண்டு பக்கமும் கேலி செய்தார்கள். கேட்டால் சிரித்துக்கொள்வார்.

மாஸ்டர் அந்த வாரமே மலைக்குத் திரும்பினார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. பஸ் ஏற்றிவிடப் போனபோது பெரியப்பா அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பஸ் புறப்பட்ட பிறகு நான், "பாவம், மாஸ்டருக்கு ஒழுங்காப் பழக்கத் தெரியலீங்க" என்றேன். பெரியப்பா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். எதற்கென்று தெரியாமல் தடவிக்கொண்டேன்.

சென்ற வருஷம் என் பழைய ஸ்கூட்டரை இரும்புக் கடைக்குப் போட்டுவிடச் சொல்லி வீட்டில் உத்தரவானது. வாங்க வந்தவனிடம், இது இன்னும் ஓடும், பக்கத்துத் தெரு டாக்டர் கேட்டிருக்கிறார், உனக்குக் கொடுத்தால் அவருக்கு வருத்தம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த டாக்டர் கார் வைத்திருப்பவர். பொய்யின் நடுவில் கீழே பார்த்தேன். ஸ்கூட்டரிலிருந்து ஒழுகிய ஆயில் தெரியாதபடி என் வலது கால் அதன்மேல் நின்றுகொண்டிருந்தது. அந்தச் செருப்பு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒன்பது வயதில் பார்த்ததைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு ஸ்கூட்டரும் நரைமுடியும் தேவைப்பட்டிருக்கின்றன. சந்தையில் அந்த மேல்பல்லைப் பார்த்து அவர் நிஜமாகவே திகைத்தாரா என்பதுகூட இப்போது எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

மயிலை அதற்குப் பிறகும் சில வருஷம் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் எங்கள் கட்டுத்தறியிலேயே படுத்து, எழாமல் போனது. தோப்பு ஓரத்தில் குழி வெட்டிப் புதைத்தோம். மறுநாள் காலை பெரியப்பா செவலையை அவிழ்த்துத் தண்ணீர் காட்டக் கூட்டிப்போனார். அப்பாரு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். செவலை வலப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், தனியாக, நேராக, வாசலைத் தாண்டி நடந்தது. திரும்பியும் வந்தது.

"தனியாவே நடக்குதாட்ட இருக்குது" என்றார் அப்பாரு.

பெரியப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். "ஆமாங்க."

அப்பாரு கைத்தடியைக் கட்டில் காலில் சாய்த்துவைத்தார். பிறகு எங்கள் பக்கம் பார்க்காமலே, "போடா, போயிச் சாப்புடு. நேத்துருந்து ஒண்ணுந் திங்கலையாமா" என்றார்.

நான் அன்று காலையில் ஏற்கெனவே இரண்டு தடவை சாப்பிட்டிருந்தேன். இருந்தாலும் பெரியவர் சொல்கிறாரே என்று உள்ளே போய் மூன்றாவது தடவையும் உட்கார்ந்தேன்.